முதல் எட்டு எழுத்து

சங்கரன்கோவில்,
ஆனி மாதம், முதல் வெள்ளி.

அன்புள்ள தளவாய்க்கு,

பெரியம்மா எழுதுவது. விசாரணை நேற்று முடிந்தது. யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நீ வர முடியாமல் போன கூட்டம் அது. படித்து முடிக்கும்போது நீயும் ஒரு நாற்காலியில் இருந்த மாதிரி உனக்குத் தோன்ற வேண்டும்.

கயத்தாற்றுக்குத் தெற்கே, காற்றாலைகளுக்கு நடுவில் இருக்கும் நீள்துயில் நிலையத்தின் கூட்ட அறை. மேற்குச் சுவரை ஒட்டிய மேசையின் நடுவில் விசாரணை அலுவலர் தணிகாசலம், சென்னையிலிருந்து வந்தவர். அவருக்கு வலப்பக்கம் நிலைய மேலாளர் ஞானசிகாமணி. இடப்பக்கம் கணினிப் பொறியாளர் பெனாசிர். மேலப்பாளையத்துப் பெண், நடந்ததைச் சோதித்துச் சொல்ல அரசு அனுப்பியிருந்தது. அவர்களுக்கு எதிரே காப்பாளர்களாகிய நாங்கள். முன்வரிசையில் சன்னல் ஓரம் நான். எனக்கு அடுத்து புளியங்குடி முத்துப்பேச்சி. அவள் வீட்டுக்காரர் உள்ளே உறங்குகிறார். எங்களுக்குப் பின்னால் மற்றக் காப்பாளர்கள், வரிசைக்கு ஐந்தாறு பேர். எல்லோருக்கும் கடைசியில், கதவை ஒட்டிப் போட்ட நாற்காலியில் சுடலைமுத்து என்ற பையன். பையன் என்று எழுதுகிறேன், முப்பது வயது இருக்கும். அவனுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. இடமில்லாமல் நின்றவர்கள்கூட அதில் உட்காரவில்லை.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். மருந்து இல்லாத நோய்க்காரர்களைக் குளிரப் பண்ணி, பேழைக்குள் உறங்க வைத்திருக்கிறார்கள். மருந்து கண்டுபிடித்தால் எழுப்புவார்கள். உன் அம்மா கோமதிக்கு நரம்பு அடங்கும் நோய் வந்தபோது நாம் அவளை அங்கே சேர்த்தோம். ஒவ்வொரு பேழைக்கும் ஒரு காப்பாளர். ஆண்டுக்கு ஒருமுறை அவர் ‘தொடரட்டும்’ என்று சொல்ல வேண்டும். ‘போதும், விடுவியுங்கள்’ என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் பேழையைச் சூடேற்றுவார்கள். நோயோடு எழுகிறவர்கள் சிறிது நேரம்தான் தாங்குவார்கள்.

அந்தச் சொல்லைச் சொன்னது காப்பாளர்தான் என்பதற்கு ஒரே சாட்சி கடவுச்சொல். முகம் செல்லாது, குரல் செல்லாது, கைரேகையும் கையெழுத்தும் செல்லாது. இவை எல்லாவற்றையும் இயந்திரம் அச்சு அசலாகச் செய்யத் தொடங்கி, ஊர் ஊராக மனிதர்கள் ஏமாந்தபிறகு வந்த சட்டம் அது. ஒருவர் மனதுக்குள் இருப்பதை மட்டும் யாராலும் செய்ய முடியாது என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. பேழைகளின் மேல் பெயர்கூட இருக்கக் கூடாது, அடையாளம் களவு போகும் என்று அதையும் அழித்துவிட்டார்கள்.

சென்ற மாதம் ஒருநாள் காலையில் என் போனுக்குச் செய்தி வந்தது: ‘தங்கள் விடுவிப்பு விண்ணப்பம் ஏற்கப்பட்டது. சூடேற்றம் ஆடி முதல் செவ்வாய்.’ நான் எந்த விண்ணப்பமும் போடவில்லை. அதே செய்தி அதே காலையில் முப்பத்தொரு பேருக்கு வந்திருந்தது. விண்ணப்பம் போட்டவன் ஒரே ஒருவன். அவன்தான் கதவோரம் இருந்தான்.

அலுவலர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “என்ன நடந்ததுன்னு எல்லாருக்கும் புரியற மாதிரி சொல்லுங்கம்மா,” என்று பெனாசிரிடம் சொன்னார்.

அவள் எழுந்து பலகையருகே போனாள். எங்களைப் பார்த்துத்தான் பேசினாள்.

“அரிசியை மில்லுல குடுத்தா மாவாகும். மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாது. பாஸ்வேர்டையும் அப்படித்தான் வைப்பாங்க. நீங்க தட்டுற சொல்லை இயந்திரம் வச்சுக்கிடாது. அரைச்சு, மாவை மட்டும் வச்சுக்கிடும். அடுத்த தடவை நீங்க தட்டும்போது மறுபடி அரைச்சுப் பாத்து, மாவும் மாவும் ஒண்ணா இருந்தா உள்ள விடும்.”

“நல்ல ஏற்பாடுதான?” என்றாள் முத்துப்பேச்சி.

“மில்லு நல்லா இருந்தா நல்ல ஏற்பாடுதான். இங்க கீழ ஓடுற இயங்குதளம் ரொம்பப் பழசு. நான் பிறக்கிறதுக்கு முந்தியே கைவிட்ட முறை. மேல இருக்க திரையை மட்டும் புதுசு புதுசா மாத்தியிருக்காங்க, கீழ யாரும் குனிஞ்சு பாக்கலை. அந்தப் பழைய மில்லு முதல் எட்டு எழுத்தைத்தான் அரைக்கும். ஒன்பதாவதுல இருந்து எவ்வளவு நீளம் இருந்தாலும் தள்ளிவிட்டுரும்.”

எனக்குப் பின்னால் யாரோ, “நீளமா வை, நீளமா வைன்னுதானே சேக்கும்போது சொன்னாங்க?” என்று கேட்டார்.

“ஆமா. நானும் ஒரு முழு வாக்கியம் வச்சேன். பச்சைக் கோடு வந்து ‘மிக வலிமையானது’ன்னு காட்டிச்சே?” என்றேன் நான்.

“அது திரை காட்டுறதும்மா. நீங்க தட்டுன நீளத்தைப் பாத்துச் சொல்லுது. கீழ எட்டோட வெட்டுறாங்கன்னு அதுக்குத் தெரியாது,” என்றாள். “இன்னொண்ணும் இருக்கு. இப்ப உள்ள முறையில எல்லாம் ஒவ்வொருத்தர் சொல்லோடயும் வேற வேற துணுக்கு ஒண்ணைச் சேத்து அரைப்பாங்க. அதுக்குப் பேரே உப்புதான். ரெண்டு பேரு ஒரே சொல்லை வச்சாலும், உப்பு வேறன்னா மாவு வேறயாயிரும். இந்த மில்லுல உப்பே போடலை.”

“உப்புப் போட்டுத் திங்கவன் வச்ச மில்லா இருந்தாத்தான போடுவான்!” என்றாள் முத்துப்பேச்சி, மேலாளரைப் பார்த்து. ஞானசிகாமணி தலையைக் குனிந்துகொண்டார். சிலர் சிரித்தார்கள். நேற்றுச் சிரிப்புக் கேட்டது அந்த ஒரு தடவைதான் என்று எழுத நினைத்தேன், இல்லை, பிறகும் கேட்டது. அதை அதன் இடத்தில் எழுதுகிறேன்.

“இப்ப ஒண்ணு கேக்கேன்,” என்றாள் பெனாசிர். “பாஸ்வேர்டு முழுசும் வேண்டாம். முதல் வார்த்தை மட்டும். எந்த வார்த்தையில ஆரம்பிச்சிருக்கிய?”

எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். இத்தனை ஆண்டுகளாகக் கட்டிக் காத்த பழக்கம். கடைசியில் முத்துப்பேச்சிதான் பேசினாள்.

“இது என்ன கேள்வி யம்மா? எது எழுதினாலும் எதுல ஆரம்பிப்போம்? சாமி பேர்லதான். ஓம் சக்தின்னு போட்டுத்தான் நான் பால் கணக்கே எழுதுவேன்.”

பின்வரிசையில் ஒருவர், “நானும்,” என்றார். அப்புறம் இன்னொருவர். நான் திரும்பிப் பார்த்தேன். வரிசை வரிசையாகத் தலை அசைந்தது.

பெனாசிர் பலகையில், நாங்கள் தட்டுகிற மாதிரியே இடம் விடாமல், ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக எழுதி விரல்விட்டு எண்ணினாள். ஓமுக்கு இரண்டு. சக்திக்கு ஆறு. சரியாக எட்டு.

“‘தி’க்கு ஹெச் சேக்காம எழுதுறவங்களுக்கு ஏழுதான் வரும். எட்டாவது எழுத்து அவங்களோட அடுத்த வார்த்தையில இருந்து விழும், அதனால மாவு மாறிரும். அவங்களுக்குச் செய்தி வரலை. ஹெச் போட்டவங்க முப்பத்தொரு பேருக்கும் ஒரே மாவு.”

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ‘த’ வந்தால் ஹெச் போடு என்று தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் ஒழுங்காகப் போட்டேன்.

“ஒரே மாவா இருந்தா, ‘இது ஏற்கெனவே இருக்கு’ன்னு அது சொல்லியிருக்கணும்லா?” என்றேன்.

“ஒரு வீட்டுல ரெண்டு பேரைச் சேக்கிறவங்க உண்டுல்ல? ரெண்டாவது ஆளு வந்தப்போ, அதே காப்பாளர் இன்னொரு பேழையைச் சேக்குதாருன்னு எடுத்துக்கிட்டுது. மூணாவது, நாலாவது, எல்லாம் அப்படித்தான். பேரு எதையும் வச்சுக்கக் கூடாதுன்னு சட்டம். அதுக்கு இருக்கிற ஒரே அடையாளம் மாவுதான். உங்க முப்பத்தொரு பேரையும் அது ஒரே ஆளுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கு.”

“முப்பத்தொரு போன் வச்சிருக்க ஆளா? மந்திரிகூட வச்சிருக்க மாட்டான்,” என்றாள் முத்துப்பேச்சி. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

அந்த ஒரு ஆள் ‘போதும்’ என்றுவிட்டான். அவன் தன் அம்மாவுக்கு மட்டும்தான் சொன்னான். இயந்திரம் அவன் பேழைகள் அத்தனைக்கும் எழுதிக்கொண்டது.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நான் நினைத்தேன், தளவாய். குற்றம் எங்கே என்று தெரிந்துவிட்டது. தெரிந்தால் திருத்துவார்கள் என்று. ‘விடுவிப்பை நாங்கள் கேட்கவில்லை, நிறுத்துங்கள்’ என்று நாங்கள் போட்டிருந்த மனுவை அலுவலர் கையில் எடுத்தார்.

“தவறு நடந்திருக்கு. அதுல எனக்குச் சந்தேகமே இல்லை,” என்றார். “ஆனா இந்த மனுவை யார் போட்டாங்கன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். இதுல இருக்கிற ஒப்பம் உங்க கடவுச்சொல். அதாவது அதே மாவு. ‘விடுவியுங்க’ன்னு சொன்ன அதே காப்பாளர், ‘நான் சொல்லலை’ன்னு மனுப் போட்டிருக்கார். சட்டத்தோட கண்ணுக்கு இது ஒரே ஆள் ரெண்டு விதமாப் பேசறது.”

முத்துப்பேச்சி எழுந்துவிட்டாள். “என்ன ஐயா சொல்லுதிய? நான் உம்ம முன்னால நிக்கேன். இதோ இந்த அக்கா உக்காந்திருக்காக. கண்ணால பாத்து எண்ணுமே! வேணும்னா கிள்ளிப் பாரும்.”

“முகம் சாட்சி இல்லம்மா.”

“அப்போ நான் யாரு?”

கேலியாகவோ திமிராகவோ இருக்கவில்லை அவர். அப்படி இருந்திருந்தால் எங்களுக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இந்தக் கடவுச்சொல் செல்லாதுன்னு நான் எழுதலாம்,” என்றார் பிறகு. “எழுதினா விடுவிப்பு விண்ணப்பம் செல்லாது. அதே கையோட, இத்தனை வருஷமா நீங்க சொன்ன ‘தொடரட்டும்’ எல்லாமும் செல்லாமப் போயிடும். காப்பாளர் இல்லாத பேழையை வச்சிருக்க நிலையத்துக்கு அதிகாரம் இல்லை. மறுநாளே சூடேத்தணும்.”

“ஒரு உத்தரவு போட்டு நிறுத்தி வைங்க ஐயா,” என்றேன்.

“காப்பாளர் சொல்லை எந்த அதிகாரியும் தடுக்கக் கூடாது. முன்னாடி எங்க ஆளுங்க தடுத்துத் தடுத்து, ஜனங்க தெருவுல உக்காந்து வாங்கின சட்டப்பிரிவும்மா அது.”

அந்தப் போராட்டத்தில் நானும் உட்கார்ந்தேன். நீ என் மடியில் இருந்தாய்.

பெனாசிரைப் பார்த்தேன். “என்னால உள்ள கை வைக்க முடிஞ்சா வச்சிருப்பேன்மா. வெளிய இருந்து யாரும் தொடக் கூடாதுன்னு பூட்டியிருக்காங்க. உள்ள போற ஒரே வழி காப்பாளர் சொல்தான்,” என்றாள். பிறகு அலுவலரிடம் திரும்பி, “சார், திரும்பப் பெறுற உரிமை ஒண்ணு இருக்கே,” என்றாள்.

இருந்தது. ‘போதும்’ என்று சொன்ன காப்பாளர், மனம் மாறினால் ஒரே ஒருமுறை அதைத் திரும்பப் பெறலாம். ஆனால் அது முப்பத்தொரு பேழைக்கும் சேர்த்துத்தான் நடக்கும். பிறகு ‘போதும்’ என்று யார் போட்டாலும் அதுவும் முப்பத்தொன்றுக்கும் சேர்ந்தே போகும், எடுக்கவும் முடியாது. அதனால் சுடலைமுத்துவின் அம்மாவும் உள்ளேயே கிடக்க வேண்டும்.

“அந்தம்மா பேழை எதுன்னு பாத்து, அதை மட்டும்…” என்று யாரோ தொடங்கினார்கள்.

மேலாளர் முதல் தடவையாக வாய் திறந்தார். “எதுன்னு எங்களுக்கே தெரியாதுங்க. பேரு இல்லை, ஆணா பெண்ணான்னு இல்லை. மூடியைத் திறந்து பாக்கலாம்னா, திறந்த பேழையை மறுபடி குளிர வைக்க முடியாது.”

சாப்பாட்டு நேரம் என்று கலைத்தார்கள். எலுமிச்சைச் சாதம் பொட்டலம் கொடுத்தார்கள். வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்தோம். சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது முத்துப்பேச்சி திடீரென்று, “எக்கா, மிச்சத்துல என்ன வச்சிருந்திய?” என்றாள்.

“எந்த மிச்சம்?”

“ஓம் சக்திக்கு அப்புறம். இனி என்ன ரகசியம், அது படிக்கவே இல்லைங்காளே அந்தப் பிள்ளை. நான் சொல்லுதேன், கேளுங்க. ‘ஓம் சக்தி, ஏ மனுசா, சீக்கிரம் எந்திரி, வீட்டுல பைப்பு ஒழுகுது.’”

இப்போதுதான் அந்த இரண்டாவது சிரிப்பு. எல்லோரும் சிரித்தோம். சிரித்த கையோடு ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். ஒரு பெரியவர் தன் மூன்று மகள்களின் பெயரைச் சொன்னார். தூங்குகிற மனைவி அவர்களை மறந்துவிடக் கூடாதாம். ஒரு பெண் தான் வாங்கிய நாயின் பெயரை வைத்திருந்தாள், அண்ணனுக்கு நாய் பிடிக்கும் என்று. எல்லோரும் அதை உள்ளே இருக்கிறவர்களுக்குச் சொல்கிற சேதி மாதிரியே வைத்திருந்தோம். பூட்டு என்று யாருக்குமே தோன்றவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை தட்டும்போது, அது எப்படியோ குளிருக்குள் இறங்கிப் போய்க் காதில் விழும் என்று. படித்தவர்கள், படிக்காதவர்கள், எல்லோரும்.

நான் என்ன வைத்திருந்தேன் என்று உனக்கு இப்போது எழுதுவதில் தடையில்லை. ‘ஓம் சக்தி, கோமதி, தளவாய் நல்லாயிருக்கான்.’

ஒவ்வோர் ஆண்டும் அதைத் தட்டினேன். உனக்கு மஞ்சள்காமாலை வந்த ஆண்டு தட்டும்போது கை கூசியது, இருந்தாலும் மாற்றவில்லை. கோமதி என்பதன் முதல் எழுத்துக்கு முன்னாலேயே அது நிறுத்திக்கொண்டிருக்கிறது. அவள் பெயரைக்கூட அது பார்த்ததில்லை.

சுடலைமுத்து எங்களோடு சாப்பிடவில்லை. உள்ளே அதே நாற்காலியில் இருந்தான். எங்களில் ஒருவர் வாசலில் நின்று, “உன் ஒருத்தன் சோலிக்கு முப்பது உசுரால?” என்று கத்தினார்.

“நான் எங்கம்மைக்குத்தான அண்ணாச்சி கேட்டேன்?” என்றான் அவன். “உங்க யாரையும் எனக்குத் தெரியவே தெரியாதே.”

நான் போய் அவன் பக்கத்திலிருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்தேன். அவனே பேசினான்.

“அஞ்சு வருசம் பாருல, அதுக்கு மேல என்னைய அங்க போட்டு வைக்காதன்னு சொல்லிட்டுத்தான்க்கா உள்ள போனா. நான் ஏழு வருசம் இழுத்தேன். ஒவ்வொரு வருசமும், வார வருசம் மருந்து வந்துரும், வந்துரும்னு. இந்த வருசம்தான் மனசைக் கல்லாக்கிக்கிட்டுத் தட்டினேன்.”

“நீ என்ன வச்சிருந்த, தம்பி? மிச்சத்துல?”

“அம்மை சொன்னாக் கேக்கணும்.”

திரும்பப் பெறச் சொல்லி அவனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவனே சொன்னான்: “நீங்க தட்டுங்கக்கா. நான் தட்டினா, குடுத்த வாக்கை நானே மீறினதாப் போயிரும். நீங்க தட்டுங்க. மிஷினுக்கு நீங்களும் நான்தான.” சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனான். காற்றாலைக்கு அடியில், இறக்கையின் நிழல் வந்து வந்து போகிற இடத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

மீண்டும் கூடியதும் அலுவலர் திரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். யார் தட்டுவது என்று மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். தட்டினேன். எட்டு எழுத்தோடு நிறுத்தியிருக்கலாம், அதுவே போதும். விரல் நிற்கவில்லை. முழுவதையும் தட்டினேன். பச்சைக் கோடு வந்தது, மிக வலிமையானது என்றது. ‘திரும்பப் பெறுகிறேன்’ என்பதைத் தொட்டேன்.

திரையில் வந்ததை அப்படியே எழுதுகிறேன்: ‘இக்காப்பாளர் திரும்பப் பெறும் உரிமையை ஏற்கெனவே பயன்படுத்திவிட்டார்.’

பெனாசிர் ஓடி வந்து பார்த்தாள். பழைய பதிவுகளை இறக்கினாள். மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், ஓர் ஐப்பசியில், யாரோ ‘போதும்’ என்று போட்டிருக்கிறார்கள். போட்டு, அன்றைக்கே எடுத்தும் இருக்கிறார்கள். எடுத்துவிட்டதால் யாருக்கும் செய்தி போகவில்லை. யாரென்று இயந்திரத்துக்குத் தெரியாது. எங்கள் முப்பத்தொரு பேரில் ஒருவர்.

“யாரு?” என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அலுவலர், “மனு தள்ளுபடி,” என்று சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பிறகு எழுத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். முறையைப் புதிதாக மாற்றச் சொல்லி அறிக்கை அனுப்புவதாகப் பெனாசிர் சொன்னாள். அனுப்புவாள், நல்ல பெண். இனி சேர்க்கிறவர்களுக்கு அது உதவும்.

சுடலைமுத்து உள்ளே வந்தபோது யார் சொல்வது என்று தெரியாமல் நின்றோம். திரையை அவனே படித்துக்கொண்டான். கேட்டது கிடைத்தவன் அந்த அறையில் அவன் ஒருவன்தான். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். காலையில் அவன் பக்கத்தில் உட்காராதவர்கள் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்துக்கொள்ள அவர்களுக்கும் ஏதாவது வேண்டியிருந்தது.

திரும்பும்போது பேருந்தில் காப்பாளர்களில் ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பெயரை எழுத மாட்டேன். கொஞ்ச தூரம் போனதும், “நான்தான்க்கா,” என்றாள். “ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, இனி முடியாதுன்னு ஆயிப் போச்சு. தட்டிட்டேன். அடுப்புல பால் பொங்குற சத்தம் கேட்டுச்சு, போய் இறக்கி வச்சிட்டு வந்து திரும்ப எடுத்துட்டேன். அவ்வளவுதான்க்கா. என் ஆளுக்குத்தான நான் தட்டினேன்?”

இதே வார்த்தையை அன்றைக்கு இரண்டாவது தடவையாகக் கேட்டேன். சன்னல் பக்கம் காற்று வரும் என்று இடம் மாறி உட்காரச் சொன்னேன். கோவில்பட்டி வரும் வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

இனி நீ செய்ய வேண்டியது. ஆடி முதல் செவ்வாய்க்கு முன்னால் அந்தமானிலிருந்து எந்தக் கப்பல் கிடைத்தாலும் ஏறி வந்துவிடு. மின்நிலையத்தில் விடுப்புக் கொடுக்காவிட்டால் கொடுக்காதவரின் பெயரை எனக்கு எழுது, நான் அவருக்கு எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். உன் அம்மா போகப்போகிறாள் என்று என் குரலில் ஒரு போன் வந்தால் நீ நம்பியிருப்பாயா? உனக்கு நானே கற்றுக்கொடுத்தது, நம்பாதே என்று. கடிதத்தையும் யாரும் எழுதலாம்தான். இவ்வளவு நீளத்துக்கு எவனும் மெனக்கெட மாட்டான் என்று வைத்துக்கொள்.

அன்றைக்கு வாசலில் கடவுச்சொல் கேட்க மாட்டார்கள் என்று பெனாசிர் சொன்னாள். முப்பத்தொரு மூடிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும். எதில் யார் என்று யாருக்கும் தெரியாது. நாமாகப் போய் முகம் முகமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியதுதான். சிலர் கண் திறப்பார்களாம். அவள் உறங்கப் போனபோது உனக்கு மீசை முளைக்கவில்லை. அதனால் நான் முன்னால் நிற்கிறேன், என்னைத்தான் அவளுக்கு முதலில் தெரியும். என் பின்னாலேயே நில். நீ யார் என்று நான் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் பெரியம்மா
சங்கரவடிவு.

(உறையின் முதுகில்)

ஒட்டிய பிறகு நினைவு வந்ததால் வெளியே எழுதுகிறேன். முப்பத்தொரு பேரில் சிலருடைய காப்பாளர்கள் நேற்றே வரவில்லை. ஒருவர் காலமாகிவிட்டாராம், இரண்டு பேர் எங்கே என்றே தெரியவில்லை. அவர்களுடைய ஆட்களும் கண் திறப்பார்கள். அம்மாவைப் பார்த்ததும் கிளம்பிவிடாமல், ஆள் இல்லாத மூடிகளின் பக்கத்திலும் நாம் கொஞ்சம் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அதற்கும் சேர்த்து நாள் போட்டுக்கொண்டு வா. தபால் வண்டி கிளம்புகிறது, தபால்காரர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். கொடுத்துவிடுகிறேன்.